இடைவேளை ஊசி

அந்த நேர்ஸின் பேரைக் கேட்டாலே பிறிஜெற்றுக்கு வாய்க்குள் என்னவோ கசந்தது. கசப்பை விழுங்கிக்கொண்டு "ஓ, அப்பிடியா?" என்று கேட்கவும் பழகியிருந்தாள். மகள் றஷ்மி பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்கிவிடுவாள். ஷஹீமா மிஸ் இப்படிச் சொன்னா, ஷஹீமா மிஸ் அப்படிச் சிரிச்சா, ஷஹீமா மிஸ்ஸுக்கும் என்னை மாதிரியே பாகற்காய் பிடிக்காதாம்.

றஷ்மிக்குப் பதின்மூன்று வயது. கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள தனியார் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தாள். ஷஹீமா அங்கே நேர்ஸ். வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், முப்பது வயதுகூட இருக்காது, கல்யாணம் ஆகவில்லை. அலுவலகத்துக்குப் பக்கத்தில் இரண்டு கட்டிலும் ஒரு அலுமாரியும் போட்ட சிக் றூம் அவளுடைய இராச்சியம்.

கசப்புக்கு ஒரு காரணம் இருந்தது. பிறிஜெற் அதைப் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. போன தவணையில் றஷ்மி மெலிந்துகொண்டே வந்தாள். வளர்கிற பிள்ளை, உயரப் போகிறாள் என்று பிறிஜெற் நினைத்தாள். பிள்ளை இரவில் எழும்பி எழும்பித் தண்ணீர் குடித்தபோது சம்பல் உறைப்பாக்கும் என்று நினைத்தாள். ஞாயிறு பூசைக்கு நடுவில் இரண்டு தரம் டொயிலற்றுக்குப் போனதற்குக் கோயில் வாசலில் வைத்து ஏசினாள். றஷ்மி போத்தலோடு குழாயடிக்குத் திரும்பத் திரும்ப வருவதைச் சிக் றூம் வாசலில் நின்று கண்டவள் ஷஹீமா. கூப்பிட்டு உட்காரவைத்துக் கதை கேட்டு, விரலில் குத்தி இரத்தம் பார்த்து, பிறிஜெற்றின் ஒஃபிஸுக்குக் கோல் எடுத்தவளும் அவள்தான். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற வகை நீரிழிவு, வாழ்நாள் முழுக்க இன்சுலின் ஊசி போடவேண்டும் என்றார்கள்.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பிள்ளை நினைவில்லாமத்தான் வந்திருக்கும்," என்றார் டொக்டர். "யார் கவனிச்சது?"

"ஸ்கூல் நேர்ஸ்."

"கெட்டிக்காரி."

அந்தச் சொல் அவளுக்குள் போய் ஒரு மூலையில் இருந்துகொண்டது. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் பிறிஜெற் ஒரு கேக் வாங்கிக்கொண்டு போய் ஷஹீமாவின் இரண்டு கையையும் பிடித்து நன்றி சொன்னாள். அந்த நன்றியில் பொய் இல்லை. ஆனால் படலையைத் தாண்டி வெளியே வரும்போதே மனசு வேறு கதை கதைக்கத் தொடங்கிவிட்டது. பத்து மாதம் சுமந்தவளுக்குத் தெரியாதது நேற்று வந்தவளுக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் ஊசி போடுவது பிறிஜெற்றின் வேலை. காலையிலும் மாலையிலும் படுக்கப் போகும்போதும் இன்சுலின் பேனாவை எடுத்து, அளவைத் திருப்பி, மகளின் தொடையில் வைப்பாள். கை நடுங்கும். றஷ்மி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். இடைவேளை ஊசி மட்டும் பள்ளிக்கூடத்தில், ஷஹீமாவோடு.

ஒருநாள் இரத்தம் சோதிக்கிற ஸ்ட்ரிப் டப்பாவை றஷ்மி மறந்துவிட்டுப் போனாள். அதைக் கொடுக்கப் போனபோது சிக் றூம் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே றஷ்மி கட்டிலில் கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். வகுப்பில் நடந்த எதையோ சிரித்துச் சிரித்துச் சொல்லியபடி பேனாவைத் தானே தொடையில் வைத்து அழுத்தினாள். கண் மூடவில்லை, முகம் திருப்பவில்லை. ஷஹீமா அவளைப் பார்க்கக்கூட இல்லை. வேறொரு சின்னப் பிள்ளையின் முழங்காலுக்குப் பிளாஸ்டர் ஒட்டியபடி "ம், பொறகு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறிஜெற் உள்ளே போகவில்லை. டப்பாவை வாசல் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அன்று மாலை அவள் பேனாவை எடுத்ததும் றஷ்மி வழமைபோல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். தெரியும் என்று பிறிஜெற் காட்டிக்கொள்ளவில்லை. அவளிடம் பெரிய பிள்ளையாக இருக்கிறாள், என்னிடம் மட்டும் நடிக்கிறாள் என்று நினைத்து நினைத்து, அடுப்பில் இருந்த பருப்பை அடிப்பிடிக்க விட்டாள்.

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனார்கள். பிறிஜெற் மகளுக்காக மெழுகுதிரி கொளுத்தினாள். றஷ்மி இன்னொன்றை எடுத்தாள்.

"அது யாருக்கு?"

"ஷஹீமா மிஸ்ஸிட உம்மாவுக்கு. முழங்கால் ஒப்பரேசன் செய்தவ."

அதன் பிறகு பிறிஜெற்றுக்கு ஒரு வரி செபமும் வரவில்லை. முட்டுப்போட்டபடி அந்த இரண்டாவது திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது தன்னுடையதைவிட நேராக எரிகிறதாகப் பட்டது. வீட்டுக்கு வந்து புருஷன் கிளைவிடம் சொன்னபோது, துறைமுகத்தில் வேலை முடித்துவந்து சோற்றில் கை வைத்திருந்த மனுஷன் சிரித்துவிட்டான்.

"பிள்ளை நல்லா இருக்கு. உமக்கு வேற என்ன வேணும்?"



அந்த வெள்ளிக்கிழமை கிளினிக். றஷ்மியை நிறை பார்க்கக் கூட்டிக்கொண்டு போயிருந்த நேரம் டொக்டர் பிறிஜெற்றிடம் சொன்னார்: "நெற்போல் விளையாடத் தொடங்கியிருக்கிறா தானே? மத்தியானத்துக்கு முதல் சீனி நல்லாக் குறையுது. இன்ரவல் டோஸ் இனி எட்டு வேணாம், ஐஞ்சு போதும். நேர்ஸிட்டக் கட்டாயம் சொல்லிடுங்க."

"ஓம் டொக்டர்."

சொல்லத்தான் நினைத்தாள். பஸ்ஸில் வரும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. இந்தப் புது அளவு எனக்கு மட்டும் தெரியும், அந்த நேர்ஸுக்குத் தெரியாது. திங்கட்கிழமை நேரத்தோடு ஒஃபிஸால் வெளிக்கிட்டு, இடைவேளைக்குப் போய், நானே அந்தச் சிக் றூமில் மகளுக்கு ஊசி போடுவேன். டொக்டர் மாற்றிவிட்டார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்வேன். றஷ்மியிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் வேண்டாம் மம்மி என்பாள். சனி ஞாயிறு வீட்டில் அந்த நேரத்து ஊசியின் அளவைக் குறைத்துப் போட்டதையும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை காணவில்லை.

திங்கட்கிழமை கொள்ளுப்பிட்டியில் அவள் வேலை செய்த கப்பல் ஏஜென்சி ஒஃபிஸில் வெளிக்கிடும் நேரம் பார்த்து ஒரு கன்டெய்னர் சிக்கல் வந்தது. மனேஜர் விடவில்லை. ஒருவழியாக ஓடிவந்து திரீவீல் பிடித்தாள். கோட்டைக்குக் கிட்ட வாகனம் அசையவில்லை. இடைவேளை மணி அடிக்கிற நேரமாகிவிட்டது. கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். ஷஹீமாவின் இலக்கம் அதில் இருந்தது. ஒரு வார்த்தை போதும். திரையில் அந்தப் பேரைப் பார்த்தாள். பிறகு ஃபோனைத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

"அய்யே, பொட்டக் இக்மனட்ட யன்ன," கொஞ்சம் கெதியாப் போங்க என்று சிங்களத்தில் சாரதியை அவசரப்படுத்தினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது இடைவேளை முடிந்து நெற்போல் மைதானத்தில் பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். ஒருவரும் விளையாடவில்லை. பிறிஜெற் அவர்களை விலக்கிக்கொண்டு போனாள். றஷ்மி நிலத்தில் கிடந்தாள். முகம் வெளுத்து வேர்த்துக் கொட்டியது, உதடு நடுங்கியது. ஷஹீமா முழங்காலில் நின்று அவளுடைய தலையைத் தன் மடியில் வைத்து, குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கிக்கொண்டிருந்தாள்.

"முழுங்குங்க புள்ள. இன்னொரு வாய். என்னப் பாருங்க."

றஷ்மி ஷஹீமாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "மம்மி," என்றாள்.

தான் இங்கே நிற்கும்போது பிள்ளை அவளைப் பிடித்துக்கொண்டு மம்மி என்கிறாள். உயிர் போகிற அந்த நேரத்திலும் பிறிஜெற்றின் நெஞ்சில் முதலில் எரிந்தது அதுதான். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஷஹீமா நிமிர்ந்து பார்த்தாள். "மம்மி வந்துட்டாங்க புள்ள," என்று றஷ்மியின் காதுக்குள் சொன்னாள். பிறகு பிறிஜெற்றிடம், "இரிங்க. தலையப் பிடிங்க," என்றாள். பிறிஜெற் நிலத்தில் உட்கார்ந்து மகளின் ஈரத் தலையை வாங்கிக்கொண்டாள். குவளை ஷஹீமாவின் கையிலேயே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. சிக் றூமுக்குக் கொண்டுபோய்த் திரும்பவும் விரலில் குத்திப் பார்த்தார்கள். சீனி ஏறியிருந்தது. றஷ்மி இரண்டு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் கண்ணயர்ந்தாள். ஷஹீமா பிறிஜெற்றை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"வழமையா போடுற எட்டுத்தான் இன்டக்கிம் போட்ட. சாப்பாடும் ஒழுங்காச் சாப்பிட்ட. எனக்கு வெளங்கல்ல. வெள்ளிக்கெழம கிளினிக்ல என்ன சொன்ன?"

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்ல பிறிஜெற்றின் நாக்கு எழும்பியது. அதைச் சொன்னால் பழி இந்தப் பெண்ணின் தலையில் போய் விழும். ஒரு கணம் அதுவும் அவளுக்கு இனித்தது. கட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள்.

"ஐஞ்சாக் குறைக்கச் சொன்னவர்," என்றாள். "உங்களிட்டச் சொல்லச் சொன்னவர். நான் சொல்லேல்ல."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல."

ஷஹீமா அவளையே பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. விளங்கியிருக்கவேண்டும், முகம் சிவந்துவிட்டது.

"றஷ்மிட மம்மி, உம்மாவக் கிளினிக் கூட்டிட்டுப் போக நான் இன்டக்கி லீவு கேட்டிருந்த. தங்கச்சி போறேன்டு சொன்ன பொறகுதான் நான் வேலைக்கி வந்த. நான் இல்லாட்டி மைதானத்துல இந்தப் புள்ளக்கி என்ன நடக்குதுண்டு யாருக்குத் தெரியும்?" அவளுடைய குரல் உயரவில்லை, ஆனால் கை நடுங்கியது. "என்னப் பிடிக்காட்டிப் பரவால்ல. என்னோட கதைக்கவும் வேணாம். டோஸ் மாறினா மட்டும் மெசேஜ் ஒன்டு போடுங்க."

பிறிஜெற் தலையை ஆட்டினாள்.  அந்தப் பெண்ணின் கையும் தன்னுடையதைப் போலவே நடுங்குவதைக் கண்டபோதுதான் மன்னிப்பு வெளியே வந்தது.

"சொறி மிஸ்."

"சரி," என்றாள் ஷஹீமா. அதற்கு மேல் இளகவில்லை. உள்ளே போய்க் குவளையைக் கழுவினாள்.

மாலையில் வீட்டில் றஷ்மி தேறிவிட்டாள். கிளைவுக்கு எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லியாயிற்று. அவன் எழும்பி வெளியே போய்ப் படியில் இருந்துவிட்டான், அது ஏச்சைவிடக் கஷ்டமாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் பிறிஜெற் பேனாவை எடுத்துக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் இருந்தாள். றஷ்மி சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"நீரே ஊசி போடுவீர் எண்டு எனக்குத் தெரியும். நான் ஒருநாள் கண்டனான்."

றஷ்மி மெல்லத் திரும்பினாள்.

"அப்ப ஏன் வீட்டில போடுறேல்ல? நான் போடுறது அவ்வளவு பயமா?"

"பயமில்ல மம்மி." றஷ்மி விரிப்பின் ஓரத்தைச் சுருட்டினாள். "ஆஸ்பத்திரியால வந்த நாள் நீங்க டடியிட்டச் சொல்லி அழுதீங்க தானே, நான் கவனிக்கேல்ல, நான் கவனிக்கேல்ல எண்டு. நானே போட்டா உங்களுக்கு ஒண்டும் செய்ய இல்லாமப் போயிடும். அதான் விட்டனான்."

"அப்ப ஏன் முகத்தைத் திருப்புறீர்?"

"உங்கட முகத்தைப் பார்க்க ஏலாது. எனக்கு அழுகை வரும்."

 இத்தனை மாதமும் தன்னிடமிருந்து எதையோ பறித்துக்கொண்டு போகிறாள் என்று அவள் நினைத்திருந்த பிள்ளை, வேண்டாத வலியைத் தாங்கிக்கொண்டு அந்த ஊசி வேலையைத் தாய்க்கென்று விட்டுவைத்திருக்கிறாள். பேனாவை மகளின் கையில் கொடுத்தாள்.

றஷ்மி அளவைத் திருப்பித் தாயிடம் காட்டினாள். தொடையில் வைத்து அழுத்தினாள். "எடுக்க முதல் பத்து எண்ணவேணும். நீங்க எண்ணுங்க."

பிறிஜெற் வாய் திறந்தவள், நிறுத்தினாள். "அங்க மிஸ்தான் எண்ணுறவா?"

"இல்ல. அங்க நான் மனசுக்குள்ள எண்ணுவன்."

அதைக் கேட்டதும் நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் எழும்பியது. அது அவ்வளவு நல்ல சந்தோஷமில்லை என்று பிறிஜெற்றுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, வாய்விட்டு, நிதானமாக எண்ணத் தொடங்கினாள்.