ஆட்டுக்குப் பயந்த பிசிம்வா

கின்ஷாசாவில் பாட்டுக்கு நடுவே காசு வாங்கிக்கொண்டு வசதியானவர்களின் பெயரைக் கூவுவதற்குக் கல் எறிவது என்று பெயர். மந்திரி, வைர வியாபாரி, டயர்க் கடைக்காரர் என்று யார் பெயர் வேண்டுமானாலும் பறந்து வரும். காதலியை நினைத்து உருகும் பாட்டிலேயே நாலைந்து டயர்க் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

லுகோகி மட்டும் தன் வாழ்நாளில் ஒரு கல்லும் எறிந்ததில்லை. அவன் சமூக உணர்வுள்ள பாடகன். எங்கே துப்பாக்கிச் சத்தம் கேட்கிறதோ அங்கே கிதாரோடு போய் இறங்குவான். மக்களின் துயரத்தைக் கேட்பான். அதை மெதுவான பாட்டாக்குவான். மிக மெதுவான பாட்டு. கடைசியில் ஜனங்கள் இடுப்பை அவிழ்த்துவிடுகிற ஆட்டப்பகுதி அதில் கிடையாது. அழுகைக்கு இடுப்பு இல்லை என்பது அவன் கொள்கை. அவன் வாயைத் திறந்ததும் பீர் வாங்க எழுந்து போகிறவர்கள், கண்ணீரை மறைக்கப் போகிறார்கள் என்றே வெகுகாலம் நம்பியிருந்தான்.

இந்தத் தடவை கோமா நகருக்கு வெளியே, கறுப்பு எரிமலைப் பாறைமேல் கூடாரங்கள் முட்டிக்கொண்டு நிற்கும் அகதி முகாம். ஞாயிறு மாலை அங்கேயே புதுப்பாட்டு அரங்கேற்றம். உள்ளூர் வானொலிக்காரர் கம்பாலே அதை நேரடியாக ஒலிபரப்ப ஒப்புக்கொண்டிருந்தார்.

முந்தைய நாள், ஏரிப் பொடிமீன் பொரித்து விற்கும் மாபென்டோவின் முன்னால் போய் உட்கார்ந்தான் லுகோகி. கூடவே அவனுடைய கிதார்க்காரன் எபெங்கோ.

"உங்க துயரத்தைச் சொல்லுங்கக்கா."

"ஊரை விட்டு ஓடி வரும்போது கூட்டத்துல என் தம்பி பிசிம்வா பிரிஞ்சுட்டான். புகாவு பக்கம் போயிருக்கான்னு யாரோ சொன்னாங்க. போன் கெடையாது. ஆனா எங்க ரேடியோ பாடினாலும் பக்கத்துல போய் நிப்பான். நாளைக்கு அவன் பேருல ஒரு கல்லு எறிஞ்சிடு தம்பி."

லுகோகிக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் அந்த மாதிரி பாடகன் இல்லக்கா. பேர் சொல்றது விளம்பரம்."

"ஆமா. அதைத்தான் கேக்குறேன்."

"உங்க எல்லாரோட துயரத்தையும் ஒரே பாட்டா..."

"துயரம் என்கிட்டயே மூட்டை மூட்டையா இருக்கு. பிசிம்வாதான் இல்ல." அவள் ஒரு தட்டு மீனை அவன் பக்கம் தள்ளினாள். "இது போதுமா?"

"என்னை விலைக்கு வாங்க முடியாதுக்கா."

"என்னை முடியும்," என்று எபெங்கோ தட்டை எடுத்துக்கொண்டான்.

ஞாயிறன்று முகாமே திரண்டிருந்தது. லுகோகி கண்களை மூடிக்கொண்டு தொடங்கினான்: "ஓ, பெயரற்ற மனிதனே..."

"யாருப்பா அது, பேரில்லாதவன்?" என்றது ஒரு குரல்.

"எங்க ஆளா இருக்காது. எங்க வீட்டு நாய்க்கே பேர் உண்டு."

இரண்டாவது சரணம் வந்தது. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். "நாங்க ஊரையே இதைவிடச் சீக்கிரமா காலி பண்ணினோமேடா," என்றார் பக்கத்து ஆளிடம். கம்பாலே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நேரம் முடியப் போகிறது, அடுத்து செய்திகள்.

லுகோகி கண்ணைத் திறந்தான். எதிரே மாபென்டோ எண்ணெய்க் கரண்டியோடு நின்றிருந்தாள். ஒலிபரப்பு முடிந்துவிடுமோ என்று கம்பாலேயின் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாத் துயரத்தையும் பாடித் தீர்த்த லுகோகிக்கு, அந்தப் பார்வையைப் பாட எந்தச் சரணமும் அகப்படவில்லை.

"பிசிம்வா!" என்றான். பழக்கமில்லாததால் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி இருந்தது.

அதற்காகவே வருடக்கணக்கில் காத்திருந்தவன்போல எபெங்கோவின் கிதார் துள்ளிக்கொண்டு ஓடியது.

"எந்தப் பிசிம்வான்னு சொல்லு!" என்று அலறினாள் மாபென்டோ. "இந்தப் பக்கம் தடுக்கி விழுந்தா பிசிம்வா மேலதான் விழணும். ஆட்டைக் கண்டா மரம் ஏறுற பிசிம்வா! அக்கா மாபென்டோ தேடுறா!"

"ஆட்டைக் கண்டா மரம் ஏறும் பிசிம்வா, அக்கா தேடுறா ஓ!" என்று பாடினான் லுகோகி. முகாமின் இடுப்புகள் மொத்தமாக அவிழ்ந்தன.

அப்புறம் நெரிசல்தான். "நீமா, தூக்கிட்டுப் போன பானையைத் தர வேணாம், நீ மட்டும் வந்து சேரு!" என்று தன் தங்கைக்காக ஒருத்தி பாடச் சொன்னாள். இரண்டு மனைவிகளைத் தேடிய ஒருவர் காதோரம் வந்தார். "மூத்தவளைச் சத்தமா கூப்பிடு அண்ணே. இளையவளையும் அதே சத்தத்துல. கூடக் குறைய இருந்தா ரெண்டு பேரும் வர மாட்டாங்க." கம்பாலே செய்திகளை ரத்து செய்துவிட்டு, நடுநடுவே தன் போன் நம்பரைச் சொன்னார். பெயரற்ற மனிதனின் மீதிச் சரணங்களைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

கம்பாலேயின் போன் அடித்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தார். "மாபென்டோ! புகாவுல இருந்து! யாரோட போன்லயோ பேசுறான், பிசிம்வாங்கிறான்!"

போனிலிருந்து வந்த கத்தல் கிதாரையும் மீறிக் கேட்டது. "நீதானே ஆட்டுக் கதையைப் பாடச் சொன்னது? சந்தை முழுக்க என்னைப் பாத்து மே மேங்கிறாங்க! நாட்டுக்கே சொல்லிட்டியே! அக்கா? அக்காதானே பேசுறது?"

மாபென்டோ பாறைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மரத்தை விட்டு எறங்கி வாடா, கழுதை."

லுகோகி அவளருகே போய், இந்தத் தருணத்துக்கேற்ற கனமான வாக்கியம் ஒன்றைத் தொடங்கினான். அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, தள்ளிப் போ, பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்று கையைக் காட்டினாள். நின்றிருந்தார்கள். வரிசை கூடாரங்களைத் தாண்டி வளைந்து போயிருந்தது.

முதலில் நின்ற பெரியவர் தொண்டையைச் செருமினார். "மருமகனைத் தேடுறேன் தம்பி."

லுகோகி கிதாரைத் தோளில் சரிசெய்துகொண்டான். "அவருக்கு எதைக் கண்டா பயம்?"

பெரியவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என்னைத்தான்."

லுகோகி அதையும் பாடினான்.