மூன்று நட்டில் ஓடிய அப்பா

இருபது வயதைத் தாண்டிய காரில் வெளியூர் கிளம்பினால் ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னி, ஃபேன் பெல்ட், நாலைந்து ஃபியூஸ், ரேடியேட்டர் ஒழுகினால் போட ஒரு பொட்டலம் மஞ்சள்தூள், இவற்றோடு உபரியாக ஒரு சொந்தக்காரரையும் டிக்கியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது தென்காசிப் பக்கத்து வழக்கம். வண்டிக்கு வயதாகும்போது அதில் போகிறவர்களுக்கும்தான் வயதாகிறது. யார் எந்தத் திருப்பத்தில் நின்றுபோவார் என்று சொல்ல முடியாது.

பூதத்தான் வீட்டு வெள்ளைக் காரில் அந்த இடம் அவருடைய தம்பி சொரிமுத்துவுக்கு. கல்யாணம் ஆகாதவர், ஒல்லி உடம்பு. முழங்காலை மடக்கிப் படுத்தால் ஸ்டெப்னிக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் கச்சிதமாகப் பொருந்துவார். வாலிபத்தில் ஏறிப் படுத்தவருக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது. எப்போதாவது அண்ணன் டிக்கியைத் திறந்து தோளில் தட்டிப் பார்ப்பார்.

"காத்து இருக்கா லே?"

"இருக்குண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. கல்யாண மண்டப வாசல்களில் கார்கள் வரிசையாக நிற்கும்போது டிக்கிக்கு டிக்கி பேச்சு ஓடும். ஒரு தடவை பக்கத்துக் காரில் இருந்தவர், "நீங்க எதுலயாவது ஓடியிருக்கீங்களா?" என்று கேட்டார். சொரிமுத்து இல்லை என்றார். "நான் ஒரு தரம் மாமனாரா ஓடியிருக்கேன். சாம்பவர்வடகரைல இருந்து சுரண்டை வரைக்கும்," என்றார் அவர். அந்தக் குரலில் இருந்த நிறைவு சொரிமுத்துவுக்குள் பல நாள் கிடந்தது.

அன்றைக்கு ராஜபாளையம் பயணம். பூதத்தானின் மகள் சங்கரிக்கு அங்கே ஒரு வரன் திகைந்து, எல்லாம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டில் போய்க் கை நனைக்க வேண்டியதுதான் பாக்கி. பெண்ணைப் பெற்றவர் அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது. அதற்குமேல் பேச்சு கிடையாது. முன்சீட்டில் பூதத்தான் ஓட்டினார். பின்னால் அவர் மனைவி ஆவுடையம்மாளும், தென்காசியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் சங்கரியும்.

புளியங்குடி தாண்டியதும் பூதத்தான், "அந்த வீட்டு கேசரில நெய்ய…" என்று ஆரம்பித்தார். வேகத்தைக் குறைத்து, ஓரம்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டார். அதன் பிறகுதான் நின்றுபோனார். அந்த விஷயத்தில் அவர் பொறுப்பானவர்.

ஆவுடையம்மாள் முகத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். சங்கரி மார்பில் காது வைத்துக் கேட்டு, "பேட்டரி இருக்கும்மா. ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது," என்றாள். இரண்டு பேருமாக அவரை இறக்கி, குளத்தங்கரைச் சரிவில் தள்ளிவிட்டார்கள். நாலு எட்டு ஓடினார், ஒரு இருமல் இருமினார், திரும்பவும் நின்றுவிட்டார். இனிமேல் தள்ளிப் பிரயோஜனமில்லை.

ஆவுடையம்மாள் டிக்கியைத் திறந்தாள். "தம்பி, இறங்குங்க. உங்க அண்ணாச்சி நின்னுட்டாவ."

சொரிமுத்து சட்டையைத் தட்டிக்கொண்டு இறங்கினார். "எந்த இடத்துக்கு மைனி?"

"அப்பா எடத்துக்கு மட்டும். மத்ததுக்கு அவியளே இருக்கட்டும்."

அப்பாவுக்கு நாலு நட்டு. குரல், கோபம், கையெழுத்து, அப்புறம் 'நான் சொன்னா சொன்னதுதான்' என்பது. சங்கரி வீல் ஸ்பேனரை எடுத்து, நட்டுகளை அண்ணனிடமிருந்து கழற்றித் தம்பிக்கு மாட்டினாள். ஒன்றை முறுக்கினால் அடுத்து அதற்கு எதிரில் இருப்பதை முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கோணிக்கொள்ளும். மூன்று நட்டும் சிக்கெனப் பிடித்தன. நாலாவதில், அந்த 'சொன்னதுதான்' நட்டில், மரை தேய்ந்திருந்தது. வருஷக்கணக்காக அதைத்தான் பூதத்தான் அதிகம் உபயோகித்திருந்தார். எவ்வளவு முறுக்கினாலும் வெறுமனே சுற்றியது.

"மூணு நட்டுல போயிரலாம்," என்றாள் சங்கரி. "மெதுவாப் போனாப் போதும்."

பூதத்தானை டிக்கியில் படுக்கவைத்தார்கள். அவருக்குக் கால் நீளம். மூடியை முழுதாகச் சாத்த முடியாமல் கயிறு போட்டுக் கட்டினார்கள். முழங்காலில் இடிக்காமல் இருக்க ஆவுடையம்மாள் ஒரு துண்டை மடித்து வைத்தாள்.

சொரிமுத்து ஓட்டினார். இத்தனை வருஷமும் டிக்கி இடுக்கு வழியே சாலை தன்னைவிட்டுப் போவதைத்தான் அவர் பார்த்திருந்தார். அன்றைக்குத்தான் அது அவரைப் பார்க்க வந்தது. மேற்கே மலையும், எலுமிச்சைத் தோட்டங்களும், எதிர் லாரியின் முகமும் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. திரும்ப டிக்கிக்குப் போவதை நினைத்தபோது அவர் பாதம் தானாக வேகத்தைக் குறைத்தது.

முன்சீட்டுக்கு மாறியிருந்த சங்கரி, "அப்பா, ஒண்ணு சொல்லட்டா?" என்றாள்.

"சொல்லும்மா."

அப்பாவின் சொல் குறுக்கே வந்து விழும் என்று காத்திருந்து அவள் பழகியிருந்தாள். விழவில்லை.

"அவரு பொண்ணு பாக்க வந்தப்போ என்னப் பத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. எனக்கு என்ன புடிக்கும்னு. அத என்கிட்ட கேக்கல, டிக்கில இருக்க அப்பாட்ட கேட்டாரு. அப்பாவும் பதில் சொன்னாவ."

"என்ன சொன்னாவ?"

"கோலம் போடப் புடிக்கும்னு. நான் கோலமே போட்டதில்ல. அங்க கை நனைச்சிராதீங்கப்பா."

பின்சீட்டிலிருந்து ஆவுடையம்மாள் குரல் வந்தது. "ஏட்டி, உபரியப் போட்டுக் கொழப்பாத. ஸ்டீரிங் திரும்புற பக்கம்தான் சக்கரம் போவணும். தம்பி, நான் சொல்லுதேன்னு நினைக்காதீங்க. பொருந்தலன்னு வந்துட்டா டிக்கில கூட வைக்க மாட்டாவ. சிவகிரிச் சித்தி மவன் எப்பம் எடம் கெடைக்கும்னு காத்துக் கெடக்கான்."

"தெரியும் மைனி," என்றார் சொரிமுத்து.

ராஜபாளையத்தில் மாப்பிள்ளையின் அப்பா வன்னியபெருமாள் வாசலுக்கு வந்தார். சொரிமுத்துவை மேலும் கீழும் பார்த்தார். "இது பூதத்தான் அண்ணாச்சி இல்லையே."

"உபரி," என்றாள் ஆவுடையம்மாள். "புளியங்குடி தாண்டி நின்னுட்டாவ. டிக்கில இருக்காவ."

"வெயில்ல நிக்க வேண்டாம், வண்டிய வேப்பமரத்துக்குக் கீழ விடச் சொல்லுங்க. எங்க வண்டில என் மச்சினன் இருக்கான். துணைக்குப் பேசிக்கிட்டிருக்கட்டும்."

கூடத்தில் இலை போட்டார்கள். போண்டா, கேசரி, வாழைப்பழம். மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்து, கார் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று விசாரித்தான். சொரிமுத்து சொன்னார். கண் இலையைவிட்டு நகரவில்லை. உபரிக்குப் பயணத்தன்று சாப்பாடு கிடையாது, வண்டியின் எடை கூடும். எத்தனையோ பந்திகளின் வாசனையை அவர் டிக்கிக்குள் படுத்தபடி வாங்கியிருக்கிறார். ஒரு கேசரியை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. முந்திரி மேலாகத் தெரிந்தது.

"கை நனைங்க சம்பந்தி," என்றார் வன்னியபெருமாள்.

வீடே அவருடைய வலதுகையைப் பார்த்தது. கை கேசரிக்குச் சற்று மேலே போய் நின்றது. நாலாவது நட்டு பிடித்திருந்தால் அது இந்நேரம் இறங்கியிருக்கும். அவர் தலையைத் திருப்பி, உள்வாசலருகே நின்ற சங்கரியைப் பார்த்தார்.

"என்னம்மா? சாப்பிடவா?"

"அவட்ட என்னத்தக் கேட்டுக்கிட்டு," என்றார் வன்னியபெருமாள், தன்மையாகத்தான்.

"வேண்டாம்பா," என்றாள் சங்கரி.

சொரிமுத்து கையைப் பின்னுக்கு இழுத்து, நனையாத விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார். இலையைப் பார்த்து ஒருமுறை எச்சில் விழுங்கினார். "மன்னிக்கணும். இது முடியாது."

"அண்ணாச்சி வந்திருந்தா இந்நேரம் ரெண்டு போண்டா உள்ள போயிருக்கும்," என்றார் வன்னியபெருமாள்.

"போயிருக்கும். எனக்கு ஒரு நட்டு பிடிக்கல."

"மரை போயிட்டா அப்படித்தான்." அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கார் வரைக்கும் வந்தார். சம்பந்தம் இல்லை என்றான பிறகும், பின்டயரில் காற்று குறைவாக இருப்பதாக எடுத்துச் சொல்லித்தான் அனுப்பினார்.

சிவகிரி வந்ததும் ஆவுடையம்மாள் பையைத் துழாவி ஒரு கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை முன்னால் நீட்டினாள். "காலைல இருந்து பட்டினிதானே. தின்னுங்க. எடை கூடுனாக் கூடட்டும்."

புளியங்குடியில் செய்யதுவின் ஒர்க்ஷாப்பில் வண்டியை நிறுத்தினார்கள். செய்யது பூதத்தானை இறக்கிக் குனியவைத்து, எதையோ கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, ஊதி மாட்டினான். பூதத்தான், "…கை வழிய விடுவாங்களாம்," என்று முடித்துவிட்டு நிமிர்ந்தார். எல்லாரையும் பார்த்தார். "வீடு வந்துட்டா?"

"போயிட்டு வந்தாச்சு. முடியல," என்றாள் ஆவுடையம்மாள்.

செய்யது ஸ்பேனரோடு சொரிமுத்துவிடம் வந்தான். சொரிமுத்து கண்ணை மூடிக்கொண்டு, கழற்ற வாகாக மார்பைக் காட்டினார். சங்கரி ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டாள்.

"கழட்டாதீங்க."

செய்யது நட்டுகளைத் தொட்டுப் பார்த்தான். "மூணும் நல்லாப் பிடிச்சிருக்கு. புதுசா ஒரு நட்டு கெடக்கு, நாலாவதுக்குப் போடவா?"

"அது வேண்டாம்ணே," என்றாள் சங்கரி.

பூதத்தான் தன் மார்பில், நட்டு இருந்த இடங்களைத் தடவினார். "அப்பம் எனக்கு?"

"மத்த எல்லாத்துலயும் நீங்கதான் இருக்கீக," என்றாள் ஆவுடையம்மாள்.

"அவ வரன் பாக்குறது, வேலைக்குப் போறது, ராத்திரி லேட்டா வந்தா வாசல்ல நிக்கது?"

"என்கிட்ட இருக்கட்டும்ணே," என்றார் சொரிமுத்து.

பூதத்தான் யோசித்தார். பிறகு சுற்றிவந்து டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்தார். "இங்கன காத்து நல்லா வருதுலே முத்து," என்றார். அந்தக் காரில் அவர் அதுவரை அங்கே உட்கார்ந்ததில்லை.

டிக்கி காலியாக இருந்தது. உபரி இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது. செய்யது உள்ளே போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தான். "சொந்தக்காரங்க ஸ்டாக் இல்ல. ஒரு புதன்கிழமை இருக்கு, வழில நாளு நின்னுபோனா மாட்டிக்கலாம். பழசுதான், ஆனா அதிகம் ஓடாதது."

சொரிமுத்து அதைத் தட்டிப் பார்த்தார். உறுதியாகத்தான் இருந்தது. இரண்டு பேர் பிடித்து டிக்கியில் ஏற்றி, ஓரத்தைக் கொஞ்சம் அமுக்கியதும் மூடி சாத்திக்கொண்டது. கடையநல்லூர் வரும்போது ஒவ்வொரு குழியிலும் அது உள்ளே உருண்டு இடித்தது.

"நாலு பக்கமும் சாக்கு வச்சிருக்கலாம்," என்றாள் ஆவுடையம்மாள்.