மூன்றாம் பங்கு

ஏரம்பு தண்ணீர் அள்ளும் பட்டையைக் கிணற்றுக்குள் இறக்கும்போது, ஏற்ற மரமான துலாவின் மேல் நின்று மிதிக்கும் தியாகராசாவுக்குக் கதைக்க முறை. நிறைந்த பட்டை மேலே வந்து, அதை வாய்க்காலில் சரித்து, மூச்சு வாங்கிக்கொண்ட பிறகு ஏரம்புவின் முறை. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. பாரம் இழுக்கிறவனுக்கு வாய் திறக்க வராது, அவ்வளவுதான். ஆனாலும் பாருங்கள், முப்பது வருசமாக வாசிகசாலை மேசையில் அடித்து அடித்துக் கத்திய இந்த இரண்டு மனிதரும், ஒருவர் சொல்லி முடிக்குமட்டும் மற்றவர் பொறுத்திருக்கப் பழகியது சண்டையும் தடையும் வந்து சண்டிலிப்பாயில் மண்ணெண்ணெய் இல்லாமல் போன பிறகுதான். தண்ணீர் இறைக்கும் எஞ்சின் சாக்கு மூடிக் கிடந்தது. மாட்டுக்கொட்டிலின் பின்னால் கறையானுக்கு விட்டிருந்த பழைய துலாவை இழுத்து வந்து ஏற்றியிருந்தார்கள். கிணறு இருவருக்கும் பாதிப் பாதி. ஒருவர் மிதிக்க ஒருவர் இழுக்க வேண்டும், தனியே ஒருவராலும் முடியாது.

தியாகராசா சிவப்புச் சட்டைக்காரர். மே தினத்துக்கு யாழ்ப்பாணம் வரை நடந்தே போய், நடந்தே வருகிறவர். ஏரம்பு கொழும்பில் கடை வைத்திருந்து, மாதாமாதம் ஊருக்கு வந்துபோய், எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் அது எரிய, உடுத்த சாரத்தோடு கப்பலேறி வந்தவர். அப்போது ஆட்சியிலிருந்ததும் யானைக் கட்சிதான், ஆனாலும் அதற்கு முன்னும் பின்னும் அவருக்கு அதே கட்சிதான், அவனவன் உழைத்தது அவனவனுக்கு என்பதுதான் வேதம்.

பாலேஸ்வரிக்கு இந்தக் கதைகளைக் கேட்பதில் ஒரு தனி ருசி. அவள் பக்கத்துத் துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் வைத்திருந்தாள். கிணற்றில் பங்கில்லை. இருவருடைய பாத்திகளுக்கும் மண்வெட்டியோடு நின்று, வாய்க்காலை வெட்டித் தண்ணீர் மாறிவிடுவாள், கடைசியில் மிஞ்சுகிற தண்ணீர் அவளுக்கு. வேலை தேடிக் கொழும்புக்குப் போன புருசன் பஞ்சலிங்கம், சண்டையில் பாதை பூட்டுப்பட்டு அங்கேயே நின்றுவிட்டான். காதில் கிடந்ததை விற்றுத்தான் விதை வெங்காயம் வாங்கினாள். இது பட்டுப்போனால் அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அடுத்த போகம் வரை பட்டினிதான்.

மார்கழியில் ஒரு இரவு, சைக்கிள் டைனமோவில் பாடிய வானொலி சோவியத் யூனியன் இனி இல்லை என்று சொன்னது. அடுத்த நாள் ஏரம்பு என்ன பகிடி விட்டுக் குத்தப்போகிறாரோ என்று பாலேஸ்வரி பயந்தாள். தியாகராசா முகம் செத்துப்போய் வந்து துலாவில் ஏறினார். ஏரம்பு பட்டை தொங்கும் துலாக்கொடியைப் பிடித்தபடி, "இண்டைக்குக் கதை வேண்டாம் காணும், இறைப்பம்" என்றார். அன்று முழுக்கத் தண்ணீர்ச் சத்தம் மட்டுந்தான். ஏரம்பு மேல் பாலேஸ்வரிக்கு அன்றைக்கு வந்த மரியாதை சும்மா மரியாதையில்லை.

அப்படிப்பட்டவருக்குத்தான் தை மாதத்தில் அந்த அடி விழுந்தது. கதை பாலேஸ்வரியைப் பற்றித் தொடங்கியது.

"இந்தப் பிள்ளை நாள் முழுக்க நிண்டு முறியுது. மிச்சத் தண்ணி குடுக்கிறது பிச்சை போடுற மாதிரி. மூண்டிலை ஒரு பங்கு அவளுக்கெண்டு வைப்பம்" என்றார் தியாகராசா மேலிருந்து.

ஏரம்பு பட்டையைச் சரித்துவிட்டு நிமிர்ந்தார். "குடுக்கமாட்டன் எண்டு நான் சொன்னனே? மனமிரங்கிக் குடுக்கிறது வேறை, உரிமை எண்டு கேக்கிறது வேறை. என்ரை அப்புவும் உம்மடை அப்புவும் கல்லுடைச்சு வெட்டின கிணறு. எல்லாருக்கும் சொந்தமெண்டால், நாளைக்குச் சேறு கட்டினால் உள்ளுக்கை இறங்க ஆர் வருவான்?"

நல்ல கேள்வி. மறுமொழி வராத மனிதனுக்கு நாக்கு நீளும். ஏரம்பு நிறைந்த பட்டையை இழுத்துக்கொண்டிருக்கும்போதே, முறையும் பாராமல் தியாகராசா, "கொழும்பிலை உம்மடை கடை எரியேக்கை உம்மடை யானை வந்து தண்ணி ஊத்தினதோ?" என்று கேட்டுவிட்டார்.

ஏரம்புவின் கை கொடியை விட்டது. பட்டை கிணற்றுக் கட்டில் மோதிச் சரிந்து தண்ணீர் முழுக்கக் கொட்ட, பாரம் போன துலா ஒரு எகிறு எகிறியது. தியாகராசா குப்புற விழுந்து மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "ஐயோ!" என்று கத்தியவள் பாலேஸ்வரிதான். ஏரம்பு அவர் பத்திரமாக இறங்கும்வரை நின்று பார்த்தார். பிறகு துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒருவரும் கிணற்றடிக்கு வரவில்லை. செம்மண் நிலம், வெயிலோ நெருப்பு. வெங்காயத் தாள்கள் நுனி பழுத்துச் சாயத் தொடங்கின. பாலேஸ்வரிக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு நல்ல கோபம் வந்தது. என்ரை பேரைச் சொல்லி அடிபட்டுக்கொண்டு என்னை ஒருக்கால் கேட்டார்களா இவர்கள்?

முதலில் தியாகராசா வீட்டுக்குப் போனாள். அவர் பழைய பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு வாசிக்காமல் இருந்தார்.

"நான் சொன்னது பிழை, பிள்ளை. ஆனால் என்ரை கொள்கை பிழையில்லை."

"உங்கடை கொள்கையை நான் பாத்திக்கை மாறிவிடேலாது, அண்ணை."

அங்கிருந்து ஏரம்பு வீட்டுக்குப் போனால், அவர் அதற்கு மேல். "மனிசன் விழுந்து முறிஞ்சிருந்தால் நான் என்ன செய்வன்? ராவிலை கண் மூடேலாமல் கிடக்குது. எண்டாலும் கிணறு கிணறுதான், அதிலை மாற்றமில்லை."

"ஓம், கிணறு உங்கடைதான். நாளைக்கு விடிய நான் துலாவிலை ஏறுறன். இழுக்க வந்தால் வாங்கோ. வராட்டி மேலை நிண்டு வெங்காயம் சாகிறதைப் பாத்திட்டு இறங்குறன். தியாகரண்ணைக்கும் சொல்லிப்போட்டுத்தான் வாறன்."

"பொம்பிளை துலா மிதிக்கிறதோ? ஊர் சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். சிரிக்கிறவை வந்து என்ரை பிள்ளையளுக்குச் சோறு போடப்போகினமே?"

விடியப் பனி விலகவில்லை. சேலையை வரிந்து சொருகிக்கொண்டு ஏறினாள். கீழே இருந்து பார்க்கும்போது இவ்வளவு உயரமாகத் தெரியவில்லை, கடவுளே. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு நல்லம்மா விளக்குமாறைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றாள். ஏரம்பு வந்தார், அண்ணாந்து பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் மேலே ஒருத்தி நிற்கும்போது கொடியைப் பிடிக்காமல் போக அவரால் முடியவில்லை. பின்னால் தியாகராசாவும் வந்து சேர்ந்தார். நேரே ஏரம்புவின் முன்னால் போய் நின்றார்.

"அண்டைக்கு நான் கதைச்சது மனிசன் கதைக்கிற கதையில்லை. கொள்கையிலை நான் மாறேல்லை. ஆனால் உம்மடை நெருப்பிலை நான் கை வைச்சிருக்கப்படாது. மன்னிச்சுக் கொள்ளும்."

ஏரம்பு கொடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். "நானும் கொடியை விட்டிருக்கப்படாது. சரி, மண்வெட்டியை எடும் காணும். தண்ணி மாற ஆளில்லை."

பாலேஸ்வரி கிணற்றுப் பக்கம் நடந்தாள், துலா பணிந்தது. திரும்பிப் பின்னால் நடந்தாள், பட்டை ஏறியது. இரண்டு முறை தடுமாறினாள். பிறகு காலுக்குத் தாளம் பிடிபட்டது. அடுத்த பட்டை இறங்கியபோதுதான், இது மேலே நிற்கிற ஆள் கதைக்கிற முறை என்று அவளுக்கு நினைவு வந்தது.

"வேலை செய்யிற ஆளுக்குத்தான் தண்ணியெண்டு தியாகரண்ணை சொல்லுறார். உழைச்சு எடுக்காததுக்கு உரிமையில்லையெண்டு நீங்கள் சொல்லுறியள், ஏரம்பண்ணை. நான் இப்ப மிதிக்கிறன். நாளைக்கும் மிதிப்பன். கிணறு சேறு கட்டினால் உள்ளுக்கை இறங்கவும் நான் வருவன். மூண்டிலை ஒரு பங்கு என்ரை. பிச்சையுமில்லை, இரக்கமுமில்லை. ஆர் இல்லையெண்டுறியள்?"

ஏரம்பு பட்டையை இழுத்தார், சரித்தார், மூச்சு வாங்கினார்.

"நான் இல்லையெண்டேல்லை" என்றார் ஏரம்பு. "உழைப்புக்குப் பங்கு. அது நியாயம்."

"பாத்தீரே, உதுதானே நான் முப்பது வருசமாய்ச் சொல்லுறது!"

"நீர் சொன்னது சும்மா குடுக்கச் சொல்லியெல்லோ? இவள் உழைச்சு வாங்குறாள். இது என்ரை கட்சி, காணும்."

"சேர்ந்து இறைச்சுப் பங்கு போடுறது உம்மடை கட்சியோ? நல்ல கதை!"

நல்லம்மா வேலிக்கு அப்பால் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். பாலேஸ்வரிக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. நெஞ்சு நிறைந்து, கத்தவேண்டும் போலிருந்தது, கத்தவும் செய்தாள்: "தியாகரண்ணை, வரம்பு உடையுது! கதையை விட்டிட்டு வெட்டி மாறுங்கோ!"

"எந்தப் பாத்திக்கு?" என்று மண்வெட்டியோடு ஓடியபடி கேட்டார் அவர்.

"என்ரைக்கு! இண்டைக்கு முதல் தண்ணி என்ரைக்கு!"

அவள் சொன்ன பக்கம் தண்ணீர் திரும்பியது. துலாவின் நுனியில் நின்று பார்த்தாள். காய்ந்து வெளிறிக் கிடந்த செம்மண் ஒவ்வொரு பாத்தியாகக் கறுத்து, பனை வேலியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.