நாலுகால் பாய்ச்சல்

நேதன் ப்ளோம் என்ற ஆங்கில ஓவியர்மேல் யாமினிக்கு ஆறு வருஷப் பித்து. இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பிரபுக்களின் லாயம் லாயமாக அலைந்து, குதிரை வரைந்தே செத்துப்போன மனிதர் அவர். அவர் வாழ்க்கையைத்தான் பாலோ ஆல்ட்டோவில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாக எழுதிக்கொண்டிருந்தாள். அவருடைய குதிரைகள் நாலு கால்களையும் முன்னும் பின்னுமாக நீட்டி அந்தரத்தில் பறக்கும்.

"எந்தக் குதிரையும் அப்படிப் பறக்காது. போட்டோ எடுத்து ப்ரூவ் பண்ணிட்டாங்க, இதே பாலோ ஆல்ட்டோல" என்று கணவன் மதன் சீண்டும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உனக்கு என்ன தெரியும்? போய் உன் கம்ப்யூட்டர் ப்ரோக்ராமைப் பாரு!"

பார்க்க இப்போது ப்ரோக்ராம் இல்லை. 2001 ஏப்ரலில் கம்பெனியை மூடிவிட்டார்கள். மதனின் வேலையோடு இருவர் விசாவும் போயிற்று. நாற்பது இடத்தில் அப்ளை பண்ணியும் ஒருத்தன் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை ஊருக்கு ஃப்ளைட். ஆய்வேடு பாதியில் நின்றது.

விடைபெறப் போனவளுக்குப் பேராசிரியை அந்தப் பழைய போட்டோவின் பிரதியைக் கொடுத்தார். யாமினி இத்தனை வருஷம் வீம்புக்குப் பார்க்காமலே இருந்த போட்டோ. நாலு காலும் தரையில் படாத அந்தக் கணத்தில் குதிரை எதையும் நீட்டவில்லை. எல்லாவற்றையும் வயிற்றுக்கடியில் மடக்கியிருந்தது. கேமராவைத் திட்டிக்கொண்டே சன்னிவேல் வீட்டுக்குத் திரும்பினாள்.

சோபா விற்றுப்போன ஹாலில், பட்டப்பகலில், கார்ப்பெட்டில் மதன் படுத்திருந்தான். முழங்கால்கள் நெஞ்சோடு ஒட்டியிருந்தன. கைகள் அவற்றுக்கிடையே ஒடுங்கியிருந்தன.

யாமினி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ப்ளோம் தப்பாத்தான் வரைஞ்சிருக்கார், மதன்."