கண்ணாடிக்கு அடியில் ஒரு ஓட்டை

காத்திவாக்கம் குப்பத்தில் ஒருவரைப் பற்றிப் பேச்சு கிளம்பிவிட்டால் அது லேசில் ஓயாது. மங்கையைப் பற்றிய பேச்சு ஓர் ஆண்டாக ஓடிக்கொண்டிருந்தது. "தனுஷ்கோடிக்கு பைக்குல போறேன்னு கெளம்பிச்சு. பாதி வழியில அழுதுகினே பஸ்ஸு ஏறிச்சு." ஆரம்பித்து வைத்தது வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அண்ணன் வரதன்.

அவள் அழவே இல்லை. நாகப்பட்டினம் தாண்டியதும் மழையும் எதிர்காற்றும் சேர்ந்துகொண்டன. கழுத்து பிடித்து, காது அடைத்து, ஜுரம் வந்துவிட்டது. பயந்துபோனது புருஷன் பொன்ராஜ்தான். வண்டியை லாரியில் ஏற்றிவிட்டு அவளைப் பஸ்ஸில் கூட்டி வந்தவனும் அவன்தான். பழி மட்டும் அவள் தலையில் விழுந்தது. இந்த வருஷம் அதே வண்டியில், அதே பின்சீட்டில் உட்கார்ந்து, தனுஷ்கோடி போய்ச் சேர்ந்தே தீருவது என்று மங்கை முடிவுகட்டியிருந்தாள்.

வெயில் காலத்தில் போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு இவர்கள் பிழைப்பு தெரியாது. இருவரும் சேர்ந்து ஃபைபர் படகு செய்கிறவர்கள். ஈரக்காற்றில் ரெசின் பசை சரியாக இறுகாது என்பதால் அவர்கள் ஷெட் சும்மா கிடப்பது அடைமழை மாதத்தில்தான். போனால் மழையில்தான் போகவேண்டும். அதனால் பொன்ராஜ் அந்த டூரிங் பைக்குக்கு ஒரு காற்றுத் தடுப்பு செய்ய உட்கார்ந்தான்.

நன்றாகத்தான் செய்தான், அதில் குறை சொல்ல முடியாது. ராயபுரத்தில் கண்ணாடி போலத் தெளிந்த கனமான அக்ரிலிக் ஷீட் வாங்கி வந்து, சூடு காட்டி வளைத்து, சுற்றிலும் ஃபைபர் சட்டம் போட்டான். கீழே கால்களை மறைக்க இரண்டு பக்கமும் இறக்கை வைத்தான். விளக்கைச் சுற்றி ஒரு ஊசி நுழைய இடமில்லாமல் அடைத்தான். ஒரு படகின் மூக்கை அறுத்து வண்டியில் மாட்டியது போலிருந்தது. வேலை முடிந்ததும் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினான். அவர்கள் ஷெட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கற்பூரம் காட்டிய படகு முதல் தடவை கடலுக்குப் போய்த் திரும்பும்வரை அதன்மேல் இரும்பு படக்கூடாது.

ஒரு தூறல் நாளில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். வேகம் ஏற ஏற பொன்ராஜின் ஹெல்மெட் உதறத் தொடங்கியது. பின்னால் இருந்தவளுக்கு இன்னும் மோசம். காற்று இரண்டு பக்கமும் மாறி மாறித் தலையில் குத்தியது. கண்ணாடிக்கு மேலே போன மழை, போன வழியே போகாமல், சுழன்று வந்து அவள் மடியில் விழுந்தது.

"எப்டி கீது?" வண்டியை நிறுத்தியதும் பெருமையாகக் கேட்டான்.

"கலீஜா கீது. போன வருசமே தேவல."

"எனக்கு ஒன்னும் தெரில."

"யோவ், உன் தல டுகுடுகுன்னு ஆடுறத பின்னாடி உக்காந்து பாத்துகினே வந்தேன். யார் காதுல பூ சுத்துற?"

பொன்ராஜுக்கு முகம் தொங்கிப்போனது. வீட்டுக்கு வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "இந்த வாட்டி ட்ரெயின்ல போய்க்கலாம்மே" என்றான்.

அந்தச் சொல் மங்கைக்குச் சுருக்கென்று தைத்தது. ட்ரெயினில் போனால் வரதன் வாய் ஆயுசுக்கும் மூடாது. அது போகட்டும், அவளுக்கே ஆறாது. நல்ல வண்டி, நல்ல வேலைக்காரன், கெட்டியான தடுப்பு, அப்புறமும் காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது? அன்று முழுக்க அதே யோசனையாக இருந்தாள்.

மறுநாள் வலை தைக்கும் சிவப்பு நூலைச் சாண் சாணாக நறுக்கி எடுத்து வந்தாள். கண்ணாடியின் வெளிப்பக்கம், உள்பக்கம், ஹேண்டில்பார், பெட்ரோல் டேங்க் என்று ஒரு இடம் விடாமல் ஒட்டினாள்.

"இன்னாமே இது, வண்டிக்கு சடங்கா?"

"வாய மூடிகினு ஓட்டு. அறுவதுக்கு மேல புடி."

அவன் ஓட்ட, அவள் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வெளிப்பக்க நூல்கள் வாரிவிட்ட தலைமுடி போல் ஒழுங்காகக் கிடந்தன. டேங்க்கின் மேல் ஒட்டியவை எழுந்து நின்று, முன்பக்கமாகக் கண்ணாடியை நோக்கி அடித்துக்கொண்டன. காற்று முன்னாலிருந்து அல்லவா வரவேண்டும்? இவை பின்னாலிருந்து முன்னால் ஓடுகின்றன. கண்ணாடிக்குப் பின்னே வெற்றிடம் விழுகிறது, அதை நிரப்பத்தான் மேலே போன காற்று இவர்கள் தலைமேல் விழுந்து புரள்கிறது என்று மங்கைக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கல்யாணத்துக்கு முன்பு வருஷக்கணக்காக வலை தைத்தவள் அவள். நீரோட்டத்தில் வலை நிற்கிறதென்றால் அதில் தண்ணீர் புகுந்து போகக் கண்கள் இருப்பதால் நிற்கிறது. வலைக்குப் பதில் துணியை விரித்துக் கட்டினால் எந்தக் கம்பும் தாங்காது.

"கண்ணாடிக்குக் கீழ ஒரு ஓட்ட போடணும்" என்றாள். "ஒரு கை அகலத்துக்கு. கொஞ்சம் காத்த உள்ள உட்டா மீதி காத்து ஒழுங்கா மேல போயிடும்."

பொன்ராஜ் பதறிப்போனான். "ஓட்டையா? ஊர்ல கீற ஓட்டையெல்லாம் அடைச்சு சோறு துன்றவன் நானு. என் கையால செஞ்சதுல நானே ஓட்ட போடறதா? அதுவும் கற்பூரம் காட்டினதுல? போய்ட்டு வர்ற வரைக்கும் இரும்பு படக்கூடாதுமே!"

"நேத்து எக்ஸ்பிரஸ் ரோட்டுக்குப் போயிட்டு வூட்டுக்குத் திரும்பிச்சா, இல்லியா? கடலுக்குப் போயிட்டு வந்த கணக்குதான்."

பொன்ராஜ் கிரைண்டரைக் கையில் எடுத்தான், கண்ணாடியைப் பார்த்தான், கீழே வைத்தான். மூன்றாம் முறை அவன் எடுக்கும்போது மங்கையே வாங்கிக்கொண்டாள். எத்தனையோ படகுகளின் விளிம்பை இழைத்த கை அது. பொன்ராஜ் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். சத்தம் கேட்கும்போதெல்லாம் தன் பல்லையே ராவுவது போல் தோளைக் குறுக்கினான். வெட்டி முடித்து, விளிம்பைத் தேய்த்து, மழைத்தண்ணீர் நேராக உள்ளே வராமல் இருக்க ஓட்டைக்கு முன்னால் ஒரு சின்ன உதடும் வைத்தாள்.

திரும்ப ஓட்டிப் பார்த்தபோது டேங்க்கின் மேல் நூல்கள் படுத்துக் கிடந்தன. ஹெல்மெட் உதறவில்லை. பொன்ராஜ் வீட்டுக்குத் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல் மீஞ்சூர் வரைக்கும் போய்விட்டு வந்தான். அது போதுமென்று மங்கை விட்டுவிட்டாள். ஒரு நல்ல வார்த்தை வந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள்தான்.

அடுத்த வாரமே கிளம்பினார்கள். நாகப்பட்டினம் தாண்டியதும் மழை பிடித்தது, போன வருஷத்துக்குக் கொஞ்சமும் குறையாத மழை. மங்கை பல்லைக் கடித்துக்கொண்டு கழுத்தை இறுக்கிக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. மழை அவர்களுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. மடி காய்ந்திருந்தது. போன முறை லாரிக்காகக் காத்து நின்ற பெட்ரோல் பங்க் இடதுபக்கம் வந்து, பின்னால் போனது. வேண்டுமென்றே அதைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள்.

தனுஷ்கோடியின் கடைசி நுனியான அரிச்சல்முனையில் சாலை முடியும் வளைவில் வண்டியை நிறுத்தியபோது, பக்கத்தில் பெரிய பெரிய பைக்குகளில் வந்த ஒரு கூட்டம் நின்றிருந்தது. அதில் தலை முதல் கால் வரை நனைந்திருந்த ஒருவர் இவர்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது எந்தக் கம்பெனி விண்ட்ஷீல்டுங்க? பின்னாடி உக்காந்தவங்ககூட நனையலையே!"

பொன்ராஜ் கர்ச்சீப்பால் கண்ணாடியைத் துடைத்தான். "கம்பெனியெல்லாம் இல்ல சார். கண்ணாடி நான் வச்சது. கீழ கீதே ஓட்ட, அது எங்க வூட்டுக்காரி போட்டது." கர்ச்சீப்பை மடித்துப் பையில் வைத்தான். "ஓட்டதான் சார் வேல செய்யுது. அது இல்லாங்காட்டி நாங்க எண்ணூரே தாண்டியிருக்க மாட்டோம்."

மங்கைக்கு நெஞ்சு நிறைந்து போனது. இரண்டு பக்கக் கடலும் அவளைப் பார்க்கத்தான் வந்து நிற்பதாகத் தோன்றியது. போனை எடுத்து அண்ணன் வரதனுக்கு வீடியோ கால் போட்டாள். அவன் முகம் திரையில் வந்ததும், ஹலோகூடச் சொல்லாமல், போனைப் புருஷன் பக்கம் திருப்பினாள்.

"யோவ், இப்ப அந்த சாராண்ட சொன்னியே, அத இன்னொரு வாட்டி சொல்லு."

கடற்காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. வரதனுக்குக் கேட்கவேண்டுமே என்று பொன்ராஜ் கத்தியே சொன்னான்.