எங்கே வெட்டுவது

ராஜாங்கம் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வாசலில் வந்து நின்றபோது, ஆசீர்வாதம் கூடத்தில் வெள்ளை வேட்டி சட்டையோடு லட்சணமாகக் கிடந்தார். எழுபத்தாறு வயது. முந்தின நாள் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, கருவாட்டுக் குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், தூக்கத்திலேயே போய்விட்டார். இப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும் என்று கச்சிராயபாளையமே பேசிக்கொண்டது. அழுகைக்கு நடுவிலும் அதில் அவர் மனைவி பவுலினுக்கு ஒரு நிறைவு. அந்தக் குழம்பு அவள் வைத்தது.

"குழி எங்க வெட்டறதுன்னு சொல்லிட்டீங்கன்னா ஆரம்பிச்சிடுவேன்," என்றார் ராஜாங்கம்.

மகன் ஜான் யோசிக்கவே இல்லை. "கல்லறைத் தோட்டத்து கேட்டாண்ட புதுசா எடம் இருக்குதே, அங்க வெட்டுங்க. பக்கத்துலயே அம்மாவுக்கும் எடம் வுட்டுடுங்க."

அம்மா என்று அவன் சொன்னது பவுலினை. பெற்றவள் ஜெயம்மாள், அவனுக்கு மூன்று வயதாகும்போது மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். பிறகு வந்து அவனை வளர்த்து ஆளாக்கியவள் பவுலின்தான்.

பவுலினுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கல்லறைத் திருநாளில், ஜெயம்மாளுக்கு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டே ஆசீர்வாதம் சொன்னார்: "நான் போனா இவ குழியிலயே என்ன வெச்சுடு பவுலின்." அவளும் சரி என்றுவிட்டாள். பழைய எலும்பைத் துணியில் முடிந்து கால்மாட்டில் வைத்து, அதே குழியில் புதைப்பது அங்கே வழக்கம்தான். ஆனாலும் ஆத்திரம் வந்தது. நாலு வருஷம் குடும்பம் நடத்தியவளோடு அவர் இருப்பார். முப்பத்தைந்து வருஷம் சோறு போட்டவள் கேட்டோரம் தனியாகக் கிடப்பாளா? அவர் சொன்னது வேறு யாருக்கும் தெரியாது. இப்போது பேசாமல் இருந்தாலே போதும். செத்தவர் எழுந்து வந்து கேட்கவா போகிறார்?

ஆனால் மகனிடம் சொல்லாததை அவளிடம் அல்லவா சொன்னார். இவள் செய்வாள் என்கிற நம்பிக்கைதானே? யோசித்தால் ஜெயம்மாள்மேல் அவளுக்குக் கோபமும் இல்லை. வருஷா வருஷம் அந்தக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தவள் அவள்தான். அடித்துக்கொண்டே அப்பனைப் பற்றியும் மகனைப் பற்றியும் குறை சொல்ல, ஜெயம்மாளை விட்டால் அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்?

"ஜெயம்மா குழியிலயே வெட்டுங்கண்ணே. அவரு கேட்டுக்கினது அதான்."

ஜானுக்கு முகம் மாறிவிட்டது. "இன்னாம்மா சொல்ற? அப்போ நீ?"

பவுலின் ராஜாங்கத்தைப் பார்த்தாள். "எவ்ளோ ஆழம்ணே வெட்டுவீங்க?"

அவர் தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார்.

"பத்தாது. இன்னும் கீழ போங்க. அவருக்கு மேல எனக்கு எடம் வோணும்."

துக்கத்துக்கு வந்திருந்த யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராஜாங்கத்தின் கை நெஞ்சிலிருந்து கழுத்துக்கு ஏறியது. அவள் பார்த்துக்கொண்டே இருக்கவும், மோவாயைத் தாண்டி, மூக்குக்கு நேராக வந்து நின்றது.