பல்லியின் விரல்

காலையில் அவன் பால் காய்ச்சுவான். அவள் தலையைப் பின்னி முடித்து, இடது கையை விளக்கடியில் நீட்டி, முந்தின வாரம் வெட்டுப்பட்டுப் போன விரல் எதுவரை வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பாள். பிறகு இருவரும் டீ குடித்துவிட்டு வேலைக்குப் போவார்கள்.

அவள் அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தில் இருந்தாள். முதல் விரல் போனபோது முதலாளி ஓடிவந்தார். இரண்டாவதற்கு எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவளுடைய இயந்திரத்தில் மட்டும் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டார். தகடு இருந்தால் வேலை மெதுவாகிறது. "உனக்குத்தான் முளைக்குதே, அப்புறம் என்னம்மா?" என்றார். கூட வேலை செய்தவர்கள் பல்லி என்று கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

குறை ஒன்றுதான். தெருவில் யார் தும்மினாலும் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு மழைக்காலத்தில் பிழைப்பாளா என்றாகிவிட, கணவன் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினான். எல்லோர் உடம்பிலும் காவல் அணுக்கள் உண்டு, காயம் பட்டால் அவை பதறி ஓடிவந்து தழும்பு போட்டு அடைத்துவிடும், அடைத்த இடத்தில் எதுவும் வளராது என்று டாக்டர் விளக்கினார். "இவங்களோடதுக்கு அவசரமே இல்ல. நிதானமா குப்பைய அள்ளிட்டு, வளர்றதுக்கு வழி விட்டுட்டுப் போயிடுது. கிருமி வந்தாலும் அதே நிதானம்தான்." விரல் வேண்டுமா, ஆள் வேண்டுமா என்று கேட்டார். கணவன் ஆள் என்றான்.

காவலை உசுப்ப ஊசி போட்டார்கள். காய்ச்சல் நின்றது. அடுத்து வெட்டுப்பட்ட சுண்டுவிரல் பாதியில் தழும்பாகி நின்றது. "இப்பத்தான் மனுஷி மாதிரி இருக்கா" என்று மாமியார் நிம்மதியடைந்தாள். அச்சகத்தில் காப்புத் தகட்டைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. இரண்டு வருடம் சுகமாகப் போனது. ஆனால் விழித்துக்கொண்ட காவலுக்கு வேலை வேண்டும். வெளியாள் யாரும் அகப்படாததால் வீட்டுக்காரர்களையே பிடிக்க ஆரம்பித்தது. முதலில் மூட்டுகள், பிறகு சிறுநீரகம், கடைசியில் இதயம். டாக்டர் இதையும் நன்றாகவே விளக்கினார். காவலைத் தூங்கவைக்க மருந்து கொடுத்தார். மருந்து வேலை செய்தது, காவல் தூங்கியது. இதயம் மட்டும் மீளவில்லை, சில வாரங்களில் நின்றுவிட்டது.

அவளைக் கடைசியாகக் குளிப்பாட்டிய பெண்கள், சுண்டுவிரல் முழுசாக இருப்பதைப் பார்த்தார்கள். நகம் மட்டும் கொஞ்சம் இளசு. துடைத்துவிட்டு அடுத்த விரலுக்குப் போனார்கள்.

கடைசியில் கடவுள் பெயரைச் சொன்னாள் என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். கணவன் மறுப்பதில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தவன் அவன்தான். அவள் சொன்னது, "சுண்டுவிரல் அரிக்குதுங்க, கொஞ்சம் சொறிஞ்சு விடுங்க."